மேற்கே கறுத்தால் மழை வருமா? திருநெல்வேலிச் சீமையில் மேகம் பார்க்கப் பழகுபவர்களுக்கு

மேகம் பார்த்துப் பழகத் திருநெல்வேலிச் சீமை மாதிரி வசதியான இடம் அமைவது கஷ்டம். மேற்கே பொதிகை மலைத்தொடர். அதில் அகத்தியமலை உச்சி 1,868 மீட்டர். கிழக்கே மன்னார் வளைகுடா. நடுவே நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் சமவெளி, கண்ணை மறைக்கிற குன்றுகளும் அதிகம் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு மொட்டைமாடி கிடைத்தால் போதும். மலைமேல் மேகம் கட்டுவதையும் கடல் பக்கமிருந்து மேகம் ஏறி வருவதையும் நின்ற இடத்திலேயே பார்த்துவிடலாம்.

வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக இந்தப் பக்கம் வந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்தும் வானத்தை நிமிர்ந்து பார்க்காதவர்களும் வாசிக்கலாம். கருவி எதுவும் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேகங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதில் ஆரம்பிக்காதீர்கள். ஒரே கறுத்த மேகத்துக்கு ஆடியில் ஒரு அர்த்தம், ஐப்பசியில் வேறு அர்த்தம். இந்த ஊரில் முதலில் மாதம், அடுத்து திசை, மேகத்தின் வடிவம் அப்புறம்தான்.

முதல் படி: மாதத்தையும் திசையையும் சேர்த்துப் பாருங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். அரபிக்கடலில் இருந்து ஈரத்தோடு வரும் காற்று கேரளப் பக்கத்தில் மலை ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, ஈரமெல்லாம் மேகமாகி, பெரும்பகுதி அங்கேயே கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அந்தக் காற்று கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் சூடாகிறது. சூடானால் மேகத் துளிகள் கரைந்து காணாமல் போகும். அதனால்தான் மலையடிவாரத்தில் இருக்கும் குற்றாலம், செங்கோட்டை, தென்காசிக்குச் சாரல் கிடைக்கிறது. கிழக்கே வர வர அது குறைந்து, திருநெல்வேலிக்கு வெறும் காற்று மட்டும் வந்து சேர்கிறது. மழை மறைவுப் பிரதேசம் என்பது இதுதான். ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் இந்தக் காற்றுக்கு வாசல்கள். முப்பந்தல், பணகுடி, கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளுக்கு இதுதான் அறுவடைக் காலம்.

ஆடி மாதம் எங்கள் தெருவில் இந்தப் பேச்சு அடிக்கடி நடக்கும். எதிர் வீட்டு ஆச்சி மாடியில் மிளகாய் வத்தல் காயப் போட்டிருப்பார்.

"ஏய்யா, மேக்க இப்பிடிக் கறுத்துக் கெடக்கே, வத்தலை அள்ளிரவா?"

"காத்து மேக்க இருந்துல்லா அடிக்கி ஆச்சி. மிஞ்சிப்போனா நாலு தூத்தல் விழும், காயட்டும்."

ஆச்சி என்னை நம்பாமல் பாதியை அள்ளிவிடுவார் என்பது வேறு விஷயம். ஆனால் கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் வரும். பருவக்காற்று ரொம்ப வலுவாக இருக்கும் நாட்களில் மட்டும் சாரல் மலையை விட்டு வெகுதூரம் கிழக்கே வந்து எட்டிப் பார்க்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஊரில் ஒரு சொட்டு விழவில்லை என்பதால் ஆற்றிலும் ஒன்றும் நடக்காது என்று எண்ணக் கூடாது. மேற்கே கறுத்திருக்கும் மேகம் பாபநாசம் அணைக்குத் தண்ணீர் சேர்த்துக்கொண்டிருக்கும். அணையின் முழு அளவு 143 அடி. கார் பருவ நெல் சாகுபடி அந்தத் தண்ணீரை நம்பித்தான் நடக்கிறது. ஆனி, ஆடியில் மலை கறுத்தால் குடையைத் தேடுவதைவிட நாளிதழில் அணை நீர்மட்டத்தைப் பார்ப்பது உபயோகம். தாமிரபரணியில் குளிக்கப் போகிறவர்களும் தலைக்கு மேலே வெயில் அடிக்கிறதே என்று இருந்துவிடாமல் மேற்கே ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை எல்லாம் தலைகீழ். வடகிழக்குப் பருவமழை தொடங்க வேண்டிய சராசரித் தேதி அக்டோபர் 20-ஐ ஒட்டி வரும். நம் சமவெளிக்கு ஆண்டின் பெரும்பகுதி மழை இந்த மூன்று மாதங்களில்தான். பிசானப் பருவ நெல்லுக்கு உயிர் இதுதான். இப்போது பார்க்க வேண்டிய திசை கிழக்கு. காலையில் கிழக்கிலிருந்து கொண்டல் காற்று வீசி, கடல் பக்கம் அடிவானம் மங்கி, தாழ்ந்த மேகங்கள் கூட்டமாக மேற்கே நகர்ந்தால் அன்றைக்குத் துணி துவைக்காதீர்கள். கடலோரத்தில் ராத்திரியிலும் விடியற்காலையிலும் பிடித்துக்கொள்வது இந்தப் பருவத்தின் வழக்கம். இதே காற்று போய் நம் பக்கத்து மலைச்சரிவில் மோதுவதால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்துப் பகுதிகளில் அளவில்லாமல் கொட்டும். அப்போது மேற்கே கறுத்தால் அது நிஜமான கறுப்பு. ஆற்றோரம் இருப்பவர்கள் தூங்கக் கூடாத இரவு.

மார்ச் முதல் மே வரையும், சில வருடங்களில் செப்டம்பரிலும் வருவது வெப்பச்சலன மழை. தரை சூடாகி, அதை ஒட்டிய காற்று லேசாகி மேலே எழும்புகிறது. பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்து மலைப் பக்கத்துக் காற்றோடு மோதினால் எழும்பும் வேகம் இன்னும் கூடும். காலையில் துடைத்துவிட்ட வானம், பதினொரு மணிக்குச் சின்னத் திரள்கள், மூன்று மணிக்கு மலைமேல் கோபுரமாக மேகம், ஐந்து மணிக்கு அம்பாசமுத்திரத்தில் இடி. பாளையங்கோட்டைக்கு வருமா என்பதை மேலே உள்ள காற்றின் திசைதான் தீர்மானிக்கும். பக்கத்து ஊரில் வெள்ளம், நம் ஊரில் புழுக்கம் என்பதெல்லாம் இந்த மாதங்களில் சகஜம்.

இரண்டாம் படி: நான்கு சொற்களில் பத்து மேகம்

1802-இல் லண்டனைச் சேர்ந்த மருந்து தயாரிப்பாளர் லூக் ஹோவர்டு மேகங்களுக்கு லத்தீன் பெயர்கள் கொடுத்தார். சிர்ரஸ், கியூமுலஸ், ஸ்ட்ராட்டஸ், நிம்பஸ் என்று இன்றைக்கும் வழங்குவது அவர் போட்ட விதைதான். நம் பள்ளிப் பாடநூல்களில் அவை முறையே கீற்று, திரள், படை, கார். இவற்றைக் கூட்டிக் கூட்டித்தான் பத்து வகையும் வருகின்றன: கீற்றுப்படை, படைத்திரள், கார்ப்படை, கார்திரள் என்று. நடு உயரத்தில் இருப்பவற்றுக்கு முன்னால் 'இடைப்பட்ட' சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம்மைப் போன்ற வெப்ப மண்டலத்தில் கீழ் மேகங்கள் 2 கிலோமீட்டர் உயரம் வரை, இடை மேகங்கள் 2 முதல் 8 வரை, உயர் மேகங்கள் 6 முதல் 18 வரை. கண்ணால் பார்த்து உயரம் சொல்வது யாருக்கும் சிரமம். அதற்குக் கையே போதும். மேகம் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பரவியிருந்தால் கையை முழுதாக நீட்டி ஒரு துண்டை அளந்து பாருங்கள். சுண்டுவிரல் அகலத்துக்குள் மறைந்தால் கீற்றுத்திரள். ஒரு விரலுக்கு மேல், மூன்று விரலுக்குள் என்றால் இடைப்பட்ட திரள். மூன்று விரலுக்கும் அடங்காவிட்டால் படைத்திரள். தலைக்கு மேலே ஓரளவு உயரத்தில் இருப்பதைத்தான் அளக்க வேண்டும், அடிவானத்தில் இருப்பது ஏமாற்றும்.

மூன்றாம் படி: இங்கே அடிக்கடி கண்ணில் படுபவை

திரள் மேகம்: அடி தட்டையாக, மேலே குவிந்து, வெள்ளையாகத் தனித்தனியாக மிதப்பது. அகலத்தைவிட உயரம் குறைவாக இருக்கும் வரை அதனால் மழை கிடையாது. ஆடிக்காற்றில் வேகமாக ஓடும் வெள்ளைத் துண்டுகள் இந்த ரகம்.

திரள் வளர்ந்தால் கார்திரள். இடி, மின்னல், ஆலங்கட்டி எல்லாம் இந்த ஒரு மேகத்தின் வேலை. உச்சி 15 கிலோமீட்டரையும் தாண்டும். இதைக் கவனிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வித்தை கைக்கு வந்த மாதிரி. உச்சியின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் கத்தியால் வெட்டியதாகத் தெளிவாக இருந்து, குமிழ் குமிழாகப் பொங்கிக்கொண்டிருந்தால் அது இன்னும் வளர்கிறது, உள்ளே இருப்பது பெரும்பாலும் நீர்த்துளி. கொஞ்ச நேரத்தில் ஓரம் கலைந்து நார் நாராகத் தெரிய ஆரம்பிக்கும். உச்சி பனிக்கட்டியாக மாறிவிட்டது என்று அர்த்தம். இனி மின்னலை எதிர்பார்க்கலாம். அதற்கும் மேலே ஏற முடியாத உயரம் வந்ததும் உச்சி பக்கவாட்டில் விரிந்து, கொல்லன் பட்டறைக்கல் போலத் தட்டையாகிவிடும். அந்த விரிப்பு எந்தப் பக்கம் நீள்கிறதோ, மேல்மட்டக் காற்று அந்தப் பக்கம் போகிறது. மேகம் நம்மை நெருங்கும்போது வடிவம் எதுவும் தெரியாது, அடி மட்டும்தான் கறுப்பாகத் தெரியும். ஆகவே தூரத்தில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். அம்பாசமுத்திரத்தில் நிற்பவருக்குத் தலைக்கு மேலே கறுப்பாக இருக்கும் மேகத்தின் முழு உருவம் பாளையங்கோட்டை மொட்டைமாடிக்காரருக்குத்தான் கிடைக்கும்.

புழுக்கம் சட்டென்று நின்று, மண் வாசனையோடு குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால் அது மேகத்தில் இருந்து மழையோடு கீழே இறங்கித் தரையில் மோதிப் பரவும் காற்று. பக்கத்தில் எங்கோ பெய்துகொண்டிருக்கிறது. வத்தல், வடகம், கொடியில் துணி எல்லாவற்றையும் அள்ள வேண்டிய நேரம் அதுதான். சில சமயம் காற்று மட்டும் வந்து மழை வராமல் போவதும் உண்டு.

படை மேகம் என்பது வானம் முழுக்க ஒரே சாம்பல் விரிப்பு. நம் ஊர்ப் பேச்சில் 'மந்தாரமா இருக்கு' என்போமே, அதற்குப் பெரும்பாலும் காரணம் படையோ படைத்திரளோதான். தூறலுக்கு மேல் தராது. விரிப்பு தடித்து, சூரியன் இருக்கும் இடமே தெரியாமல், நிதானமாக மணிக்கணக்கில் பெய்தால் கார்ப்படை. ஐப்பசி அடைமழையில் இதைப் பார்க்கலாம். இடி இல்லாததால் பலர் இதை அலட்சியம் செய்வார்கள். குளம் நிரம்புவது இந்த நிதான மழையில்தான். அதற்குள் கார்திரளும் ஒளிந்திருந்தால் நடுநடுவே சடசடவென்று வலுக்கும்.

கீற்று மேகம் உயரத்தில் மெல்லிய வெள்ளை இழைகளாகத் தெரியும், முழுக்கப் பனிப்படிகம். அது வானமெங்கும் மெல்லிய திரையாகப் பரவினால் கீற்றுப்படை. அப்போது நிலாவைச் சுற்றி வட்டம் கட்டும். 'அகல வட்டம் பகல் மழை' என்று பழமொழி உண்டு. கையை நீட்டி விரல்களை விரியுங்கள். கட்டைவிரலை நிலாமேல் வைத்தால் சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய வட்டத்தைத் தொட வேண்டும். அப்படித் தொட்டால் அது பனிப்படிகங்கள் உண்டாக்கும் 22 டிகிரி வட்டம். நிலாவை ஒட்டிச் சின்னதாக நிறம் காட்டும் வளையம் வேறு, அது நடு உயர மேகத்தின் நீர்த்துளிகளால் வருவது. பழமொழியை அப்படியே நம்ப வேண்டுமா? என் கருத்து: ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் நம்பலாம், வங்கக்கடலில் எங்கோ திரண்ட பெரிய மேகக் கூட்டத்தின் மேல்பகுதி முன்னால் பரவி வந்ததாக இருக்கக்கூடும். கோடையில் அது முந்தின நாள் இடிமழையின் மிச்சமாகவே இருந்துவிடலாம்.

நான்காம் படி: எந்தப் பக்கம் ஓடுகிறது?

நின்ற இடத்தில் இருந்து மேகம் நகர்வதைப் பார்த்தால் கண் தடுமாறும். ஒரு மின்கம்பத்தின் நுனியையோ தண்ணீர்த் தொட்டியின் விளிம்பையோ குறியாக வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். ஆடி மாதம் இதைச் செய்தால் வேடிக்கையான ஒன்று கிடைக்கும். கீழே திரள் மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். அவற்றின் இடைவெளியில் தெரியும் கீற்று மேகங்கள் கிழக்கிலிருந்து மேற்கே போய்க்கொண்டிருக்கும். பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் வலுவான கீழைக்காற்று வீசுவதுதான் காரணம். ஆக, 'காற்று எந்தப் பக்கம்' என்று கேட்டால் 'எந்த உயரத்தில்' என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

காற்றுக்குப் பெயர் அது வரும் திசையை வைத்துத்தான். மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது. வானிலை அறிக்கையில் 'வடகிழக்கு திசைக் காற்று' என்றால் வடகிழக்கில் இருந்து நம்மை நோக்கி வருவது. புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள்.

ஐந்தாம் படி: வானிலை அறிக்கையைப் படிப்பது

'ஓரிரு இடங்களில் கனமழை' என்று சொன்னார்கள், எங்கள் தெருவில் ஒன்றுமில்லையே என்று திட்டுபவர்கள் அநேகம். அந்தச் சொற்களுக்கு அளவு இருக்கிறது. ஓரிரு இடங்கள் என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்வாசி வரை. ஒருசில இடங்கள் என்றால் பாதி வரை, அநேக இடங்கள் என்றால் முக்கால்வாசி வரை, பெரும்பாலான இடங்கள் என்றால் அதற்கும் மேல். ஓரிரு இடம் என்று சொல்லும் நாளில் நம் தெரு நனையாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கனம் என்ற சொல்லுக்கும் கணக்கு உண்டு. 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. தொட்டால் கனமழை, 11.56 செ.மீ. தொட்டால் மிக கனமழை, 20.45 செ.மீ. தொட்டால் அதி கனமழை. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. பெய்தால் சுமார் 40,000 லிட்டர். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கானவை: கவனமாக இரு, தயாராக இரு, உடனே செயல்படு.

கடலில் உருவாகும் சின்னங்களின் ஏணியைக் காற்றின் வேகத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழே காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 தொட்டால் புயல், அப்போதுதான் பெயர் சூட்டுவார்கள். இந்த ஏணி காற்றுக்கானது, மழைக்கானது இல்லை. இதை மறக்கவே கூடாது என்பதற்கு நம் சீமையே சாட்சி. 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களை மூழ்கடித்தது. அன்றைக்குப் புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டலச் சுழற்சி மட்டும்தான். 'சுழற்சி' என்ற சாதாரணச் சொல் டிசம்பரில் குமரிக்கடலோடு சேர்ந்து வந்தால் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

மற்ற சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'இயல்பைவிட அதிகம்' என்பதில் இயல்பு என்பது பல பத்தாண்டுகளின் சராசரி. ஈரப்பதம் என்று சதவீதத்தில் சொல்வது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எவ்வளவு இருக்கிறது என்பது. விடியற்காலை 25 டிகிரியில் 90 சதவீதமும், மதியம் 37 டிகிரியில் 45 சதவீதமும் ஏறக்குறைய ஒரே அளவு நீராவிதான். கத்திரி, அக்னி நட்சத்திரம் என்பவை பஞ்சாங்கச் சொற்கள், வானிலைத் துறையின் சொற்கள் இல்லை.

ஆறாம் படி: மின்னல்

மின்னல் வெட்டியதும் எண்ண ஆரம்பியுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் வெளியே இருக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வயலுக்கோ ஆற்றுக்கோ திரும்ப வேண்டும். நம் பக்கம் பனை அதிகம். செம்மணல் தேரியிலும் வயல் வரப்பிலும் சுற்றுவட்டாரத்தில் உயரமாக நிற்பது அதுதான். மழைக்கு அதன் அடியில் ஒதுங்குவது ஆபத்து. கட்டடம் இல்லாவிட்டால் கண்ணாடி ஏற்றிய கார், பஸ் பரவாயில்லை. தாமினி என்ற அரசு செயலி சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதைக் காட்டும், கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: அளந்து எழுதுங்கள்

பக்கம் நேராக, அடி தட்டையாக இருக்கும் டப்பா ஒன்று போதும். வாளி சரிப்படாது, வாய் அகன்று அடி குறுகியிருப்பதால் கணக்கு கூடிவிடும். பக்கத்தில் இருக்கும் சுவர், மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி, காற்றுக்குச் சாயாமல் இரண்டு செங்கலுக்கு நடுவே வையுங்கள். ஆடிக்காற்றில் அதுவும் பறக்கும், கல்லைக் கூட்டிக்கொள்ளுங்கள். தினமும் காலை 8.30-க்கு உள்ளே நிற்கும் தண்ணீரை ஸ்கேலால் அளந்து, கொட்டிவிட்டுத் திரும்ப வையுங்கள்.

நோட்டில் தேதி, காற்றின் திசை, மேகம், மழை என்று நான்கு கட்டம் போடுங்கள். மேகத்தின் பெயர் தெரியாவிட்டால் 'மலைமேல் கோபுரம், ஓரம் தெளிவு' என்று கண்டதை எழுதினாலே போதும், பெயரை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். எட்டில் எத்தனை பங்கு வானத்தை மேகம் மூடியிருக்கிறது என்றும் குறியுங்கள். வானிலை ஆய்வு நிலையங்களிலும் இப்படித்தான் எட்டுப் பங்காகக் கணக்கு வைக்கிறார்கள். தேதி விஷயத்தில் மட்டும் ஒரு சின்னக் குழப்பம் வரும். நேற்று சாயங்காலம் பெய்த மழையை இன்று காலை அளக்கும்போது இன்றைய தேதியில்தான் எழுத வேண்டும். அப்படி எழுதினால்தான் பாளையங்கோட்டைக்கு அன்றைக்கு வெளியாகும் மழை அளவோடு உங்கள் மாடிக் கணக்கை ஒப்பிட முடியும்.